விழுந்தது முதலா, கால் போனது முதலா?

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, கச்சான் காத்து பிடிச்சு ஊரெல்லாம் புழுதி பறக்கிற நாளையில, கடற்கரை ஊரான இறக்கக்கண்டியில எங்கட வீட்டுக் கிணத்தடியில தொடங்கின கதை இது. ஆஸ்பத்திரிட பேரையும் ஆக்கள்ட பேரையும் நான் சொல்லல்ல. சொல்லி இனி ஆருக்கும் ஒண்டும் ஆகப்போறதில்ல. நடந்ததை நடந்தபடி சொல்லுறன், அவ்வளவுதான்.

என்ட மனிசன் சுழியோடுறவர். முதுகில காத்துச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில இறங்கி, கடலட்டையும் சங்கும் பொறுக்கி வாறதுதான் தொழில். முந்தியெல்லாம் கரைக்குக் கிட்டவே அட்டை கிடந்ததாம். இப்ப அங்க மண்தான் மிச்சம். அட்டை கிடக்கிற இடத்துக்கு இவங்களும் போகத்தானே வேணும், அதனால வருஷத்துக்கு வருஷம் ஆழம் கூடிக்கொண்டே வந்தது. இந்தத் தொழிலுக்குப் போய் இடுப்புக்குக் கீழ விளங்காமப் போன ஒருத்தர் எங்கட ஊரிலயே படுத்த படுக்கையாக் கிடந்து மௌத்தாகி மண்ணுக்குள்ள போனதை நான் கண்டனான். அதுக்குப் பிறகு இவரை நான் விடல்ல. சண்டை பிடிச்சு, கதைக்காம இருந்து, அழுது, இனி ஆழத்துக்கு இறங்கமாட்டன் எண்டு வாக்கு வாங்கிப்போட்டன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் எண்டு எங்கட மாமியே சொல்லுவா. அந்த வாய் இல்லாட்டி கடல் தொழில் செய்யிறவனோட குடும்பம் நடத்த ஏலாது எண்டு நானும் திருப்பிச் சொல்லுவன்.

விழுந்ததுக்கு முதல் நாள் இவர் கடலால வந்தது வழமையை விடக் கொஞ்சம் பிந்தித்தான். முகம் வாடியிருந்தது. சோறும் மீன் ஆணமும் போட்டுக் குடுத்தன், பாதியைக் கோழிக்கு வெச்சிட்டு எழும்பிட்டார். இடுப்பு நோகுது, தைலம் பூசிவிடு எண்டார். சிலிண்டர் தூக்கினா இடுப்பு நோகாம பின்ன என்ன எண்டு சொல்லிக்கொண்டே பூசிவிட்டன். அண்டைக்கு இரவு மனிசன் சரியா நித்திரை கொள்ளல்ல. எழும்பி எழும்பி கக்கூசுக்குப் போறதும், அங்க கனநேரம் நிண்டுபோட்டு வாறதுமா இருந்தார். என்ட நித்திரையும் கெட்டுப்போச்சு எண்டு நான் புறுபுறுத்தனான்.

விடிய, பள்ளியில சுபஹுத் தொழுகைக்கு வாங்கு சொல்லி முடிஞ்ச நேரம், கை கால் கழுவி ஒளு எடுக்கக் கிணத்தடிக்குப் போனார். நான் குசினியில தேத்தண்ணிக்குக் கேத்தலை வெச்சுப்போட்டு ஜன்னலால பாத்துக்கொண்டு நிண்டன். வாளியைப் பிடிச்சபடி நிண்டவர் அப்பிடியே சரிஞ்சு, முதுகு கிணத்துக் கட்டில அடிபட விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினா கனக்குது. இவர் ஒரு சொல்லுத்தான் சொன்னார்.

"காலைக் காணல்ல புள்ள."

கால் ரெண்டும் அங்கதான் கிடக்குது. ஆனா அவருக்கு அது தன்ட காலாத் தெரியல்ல. நான் குளறின குளறலில பக்கத்து வளவு ஆக்களெல்லாம் வந்திட்டாங்க. ரெண்டு வீடு தள்ளி இருக்கிற இவர்ட அண்ணன், நாங்க நானா எண்டு கூப்பிடுறவர், ஒரு வேனைப் பிடிச்சுக்கொண்டு வந்தார். மகளை மாமியிட்ட விட்டுப்போட்டு, கதவுப் பலகை ஒண்டைக் கழட்டி அதில இவரைக் கிடத்தி ஏத்தினம். நிலாவெளி தாண்டி ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் நான் இவர்ட காலைக் கிள்ளிக்கொண்டே போனன். ஒருக்காலும் ஆ எண்டு சொல்லல்ல.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு லேடி டொக்டர்தான் முதல் பாத்தவ. நல்ல பிள்ளை, ஓடி ஓடிப் பாத்தவ. என்ன நடந்தது எண்டு கேட்டதும் இவர் வாயைத் திறக்க முதல் நான் சொல்லிப்போட்டன். கிணத்தடியில விழுந்தவர், கட்டில முதுகு அடிபட்டது, என்ட கண்ணாலயே கண்டனான் எண்டு. அதில ஒரு சொல்லுக்கூடப் பொய்யில்ல. டொக்டர் இவரைக் கேட்டா. இவரும் ஓம், விழுந்தனான் எண்டார்.

ஊசியால குத்திக் குத்திப் பாத்தா. தொப்புளுக்குக் கீழ ஒண்டும் தெரியல்ல. உடனே ஆளை அசைக்கக் கூடாது எண்டு கழுத்துக்குப் பட்டி போட்டு, பலகையோட சேத்துக் கட்டி, எக்ஸ்ரே எடுக்க அனுப்பினா. முதுகெலும்பு உடைஞ்ச மாதிரித் தெரியல்லையாம். ஆனா உள்ளுக்கு ரத்தம் கட்டி நரம்பை நெரிக்கலாம், எலும்புக்கு நடுவில இருக்கிற டிஸ்க் விலகியிருக்கலாம், அதைப் பெரிய ஸ்கேனிலதான் பாக்கலாம், அது இங்க இல்ல, வேற டவுனுக்குக் கொண்டுபோக வேணும் எண்டா. பெரிய டொக்டருக்குப் போன் எடுத்துக் கதைச்சா. அவரும் கேட்டுப்போட்டு அனுப்பச் சொல்லிட்டாராம்.

ஆனா அம்புலன்ஸ் இல்ல. மூதூர்ப் பக்கமா ஒரு பிள்ளைத்தாச்சிக்காகப் போயிருக்கு, இப்ப வந்திடும், இப்ப வந்திடும் எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறாங்க. நான் அந்த அம்புலன்ஸை ஏசாத ஏச்சில்ல. டிரைவரை ஏசினன், ஆஸ்பத்திரியை ஏசினன், கடைசியில முகம் தெரியாத அந்தப் பிள்ளைத்தாச்சியையும் சேத்து ஏசினன். இவர் பலகையில கட்டுண்டு கூரையைப் பாத்தபடி கிடக்கிறார். நானாவும் அங்க இங்க போன் எடுத்து, தனியார் அம்புலன்ஸ் கிடைக்குமா எண்டு தேடிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறிட்டுது. இவர் இன்னும் சலம் போகல்ல, மூத்திரம் தேங்கியிருக்கும் எண்டு நேர்ஸ் மிஸ்ஸி வந்து குழாய் போட்டா. போட்டதும் பை நிரம்பிப்போச்சு. மிஸ்ஸி பையை மாத்தப் போற நேரத்திலதான் பெரிய டொக்டர் வார்டைச் சுத்தி வந்தவர். யாழ்ப்பாணத்து ஆள் எண்டு கதையிலயே தெரிஞ்சது. நடுத்தர வயசு, அதிகம் சிரிக்காத முகம். போனில அனுப்பச் சொன்ன ஆள் அவர்தான். அவர் என்ட மனிசனைப் பாக்கவெண்டு வரல்ல, பக்கத்துக் கட்டிலுக்குத்தான் போனவர். போற வழியில அந்தப் பையைப் பாத்துப்போட்டு அப்பிடியே நிண்டார்.

இது எல்லாம் ஒரேயடியா வந்ததா எண்டு மிஸ்ஸியைக் கேட்டார். ஓம் சேர், குழாய் போட்ட உடன வந்தது எண்டு அவ சொன்னா. விடிய விழுந்த ஆளுக்கு இவ்வளவு சேராதே எண்டு தனக்குள்ள சொல்லிக்கொண்டார். ஆள்ட தொழில் என்னெண்டு என்னட்டக் கேட்டார், சுழியோடுறவர் எண்டன், உடனே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால இருந்தார்.

"தங்கச்சி, விழுந்த கதையை விடுங்கோ. நேற்று இவர் கரைக்கு வந்த நேரத்தில இருந்து சொல்லுங்கோ."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. காலையில இருந்து இதே கதையைக் கேட்ட ஆளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் காஞ்சுபோச்சு. அங்க ஒருத்தன் காலில்லாமக் கிடக்கிறான், இந்த டொக்டர் நேத்துக் கதையைக் கேக்கிறாரே எண்டு நினைச்சன். நினைச்சதைச் சொல்லவும் சொன்னன். அவர் கோவிக்கல்ல. விளங்குது, எண்டாலும் சொல்லுங்கோ எண்டார். சரியெண்டு, வேணுமெண்டே ஒண்டும் விடாமச் சொல்லத் தொடங்கினன். பிந்தி வந்தது, பாதிச் சோத்தைக் கோழிக்கு வெச்சது, தைலம் பூசினது, இரவு முழுக்கக் கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நடந்தது எல்லாத்தையும் சொன்னன்.

அந்த இடத்தில கையை நீட்டி என்னை நிப்பாட்டினார். சலம் போனாரா, இல்ல போய்ச் சும்மா நிண்டாரா எண்டு கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கனநேரம் நிண்டார் எண்டன். டொக்டர் இவர்ட பக்கம் திரும்பினார். இவர் மெல்லமா, முட்டிக்கொண்டு வந்தது சேர், ஆனா போகல்ல எண்டார்.

டொக்டர் அதைச் சீட்டில எழுதினார். பிறகு என்னட்டக் கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. விழுந்து கால் போனதா, கால் போய் விழுந்தவரா?"

காலையில இருந்து நான் கண்ணால கண்டனான், கண்ணால கண்டனான் எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சது. இப்ப கண்ணை மூடி அதையே திருப்பிப் பாக்கிறன். கிணத்தடி காஞ்சு கிடந்தது, ஒரு சொட்டுத் தண்ணி இறைக்க முதல்தான் அது நடந்தது. இவர் வழுக்கல்ல. கல்லுத் தடுக்கல்ல. நிண்ட நிலையில முழங்கால் ரெண்டும் மடிஞ்சது, அதுக்குப் பிறகுதான் முதுகு போய் அடிபட்டது. அதைச் சொன்னன்.

டொக்டர் இவரைப் பாத்து, நேற்று எவ்வளவு ஆழத்துக்கு இறங்கினீங்கள் எண்டு கேட்டார். இவர் பதில் சொல்ல முதல் என்ட முகத்தை ஒருக்காப் பாத்தார். வழமையான ஆழம்தான் எண்டார். டொக்டர் இவரைப் பாத்தார், என்னைப் பாத்தார். பிறகு, தங்கச்சி கொஞ்சம் வெளியில நில்லுங்கோ எண்டார்.

நான் வெளியில போகல்ல. கட்டிலைச் சுத்தி இழுத்துவிட்ட சீலைக்கு அந்தப் பக்கம்தான் நிண்டன். எல்லாம் கேட்டது.

இவர் ஆழத்துக்குத்தான் போயிருக்கிறார். கடைசிச் சிலிண்டர் முடிஞ்சு மேல வந்து மீன்பிடிப் போட்டில ஏறி இருந்த கொஞ்ச நேரத்தில இடுப்பைச் சுத்திக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி நோ வந்திருக்கு. கால் விரலெல்லாம் விறைச்சிருக்கு. எங்கட பக்கத்துச் சுழியோடிகளிட்ட அதுக்கு ஒரு கைவைத்தியம் இருக்கு. நோ வந்தா, மிச்சமிருக்கிற சிலிண்டரைக் கட்டிக்கொண்டு திரும்ப இறங்கிறது. பாதித் தண்ணியில கயிறைப் பிடிச்சுத் தொங்கிக்கொண்டு நிண்டா நோ கரைஞ்சு போயிடும் எண்டு எல்லாரும் நம்புறாங்க. நம்பாம என்ன செய்யிறது, இறங்கினா நோ போகத்தானே செய்யுது. இவருக்கும் போயிருக்கு. காத்து முடிஞ்சதும் ஏறி, ஒண்டும் நடக்காத மாதிரி வீட்ட வந்து தைலம் பூசச் சொல்லியிருக்கிறார்.

காலம ஏன் இதைச் சொல்லேல்ல எண்டு டொக்டர் கேட்டார். அதுக்கு இவர் சொன்ன பதிலை நான் மௌத்தாகும்வரைக்கும் மறக்கமாட்டன்.

"சொன்னா இனி என்னை ஒருத்தனும் போட்டில ஏத்தமாட்டான் சேர். மனிசியும் பக்கத்தில நிண்டவ."

அது உண்மை. ஒருக்கா இந்த வருத்தம் பிடிச்சவனைத் திரும்பக் கூப்பிட மாட்டாங்க. கடலுக்குள்ள ஒரு பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு வர ஆருக்கு விருப்பம்? அதனால போட்டுக்குள்ள நடந்ததைக் கரையில கதைக்கிறதில்ல. கால் விளங்காமக் கிடக்கிற நேரத்திலயும் இந்த மனிசன் அடுத்த பயணத்தைத்தான் யோசிச்சிருக்கிறார். எனக்கு வந்தது ஆத்திரமா அழுகையா எண்டு தெரியல்ல. சீலையை விலக்கிக்கொண்டு உள்ளுக்குப் போய் நாலு கிழி கிழிக்க வேணும் போல இருந்தது. போனன். இவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைக் கண்ட பிறகு போர்வையை இழுத்து அவர்ட காலை மூடிவிட்டன்.

டொக்டர் அதுக்குள்ள மிஸ்ஸியைக் கூப்பிட்டு ஒக்சிசன் போடச் சொல்லிட்டார். என்னையும் நானாவையும் கூப்பிட்டு நிப்பாட்டி விளங்கப்படுத்தினார். ஆழத்தில சுவாசிக்கிற காத்து ரத்தத்தில கரைஞ்சு நிக்குமாம். கெதியா மேல வந்தா, சோடாப் போத்தலைத் திறந்தா நுரைக்கிற மாதிரி அது குமிழியா வெளிக்கிடுமாம். அந்தக் குமிழி முதுகு நரம்புக்குள்ள போயிருக்கலாம். திரும்ப இறங்கும்போது தண்ணி நெரிச்சுக் குமிழி சின்னதாகும், நோ போகும், ஆனா மேல வந்ததும் முந்தினதை விட மோசமா வருமாம். இதுக்கு மருந்து, துறைமுகத்துக்குள்ள கடற்படை முகாமில சுழியோடிகளுக்கெண்டு வெச்சிருக்கிற அழுத்த அறைதான். இரும்பு அறை. அதுக்குள்ள ஆளை விட்டு, கடலுக்கு அடியில இருக்கிற மாதிரி அழுத்தம் குடுத்து, ஒக்சிசன் குடுத்து, பிறகு அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிறதாம்.

நானாவுக்கு அது பிடிக்கல்ல. பெரிய ஸ்கேன், பெரிய ஆஸ்பத்திரி எண்டு காலையில இருந்து கேட்டுக் கேட்டு அவர்ட மனசு அதிலயே நிண்டுபோச்சு. எங்கட ஆக்களுக்கு அப்பிடித்தான், எவ்வளவு தூரம் கொண்டுபோறமோ அவ்வளவு நல்ல வைத்தியம். முதுகு அடிபட்டதும் உண்மைதானே, உள்ளுக்கு ரத்தம் கட்டியிருந்தா என்ன செய்வீங்க, நீங்கதானே போனில அனுப்பச் சொன்னீங்க எண்டு டொக்டரை மடக்கினார். டொக்டர் மறுக்கல்ல. அதுவும் இருக்கலாம் எண்டார்.

அப்ப எது உண்மை எண்டு நான் கேட்டன். அவர் சொன்னார், எனக்கு நிச்சயமாத் தெரியாது எண்டு.

அவ்வளவு படிச்ச மனிசன் தெரியாது எண்டு சொன்னதை என்னால தாங்க ஏலாமப் போச்சு. தெரியாமலா என்ட மனிசனைக் கொண்டுபோய் இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டப்போறீங்க எண்டு சத்தம் போட்டன். வார்டே திரும்பிப் பாத்தது. அந்த லேடி டொக்டர் பயந்துபோய் நிண்டா. பெரிய டொக்டர் சத்தத்தைக் கூட்டல்ல, குறைக்கவுமில்ல.

"தங்கச்சி, குமிழியெண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா நான் பிழைவிடலாம். ஸ்கேனுக்கு அனுப்பி, இது குமிழியா இருந்தா, அங்க போய்ச் சேர முதல் கால் போயிடும், பிறகு ஆராலயும் திருப்ப ஏலாது. அழுத்த அறைக்கு அனுப்பி, இது அடிபட்டதா இருந்தா, எங்களுக்கு ஒரு பொழுது வீணாகும். அதுவும் கெடுதல்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா ஸ்கேனை நாளைக்கும் எடுக்கலாம். ரெண்டில ஒரு பிழை விடத்தான் வேணுமெண்டா, திருத்தக்கூடிய பிழையை விடுவம்."

டொக்டர்மார் எப்பிடி முடிவெடுக்கிறாங்க எண்டு அதுவரைக்கும் நான் ஒருநாளும் யோசிச்சதில்ல. எல்லாம் தெரிஞ்சுதான் சொல்லுறாங்க எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். அண்டைக்குத்தான் முதல் தடவையா, இவங்களும் இருட்டுக்குள்ள தடவித்தான் நடக்கிறாங்க எண்டு கண்டன். அது எனக்கு ஆறுதலா இருக்கல்ல. ஆனா ஒண்டு விளங்கினது. இந்த டொக்டர் தான் சொன்னது சரியெண்டு காட்ட நிக்கல்ல. எந்தப் பக்கம் விழுந்தா என்ட மனிசன் தப்புவான் எண்டுதான் கணக்குப் பாக்கிறார்.

நான் இவர்ட காதடியில குனிஞ்சு என்ன செய்வம் எண்டு கேட்டன். ஒக்சிசன் முகமூடியைக் கையால கொஞ்சம் விலக்கிப்போட்டு, டொக்டர் சொல்லுறதைச் செய் புள்ள, எனக்குத் தெரியும், இது அதுதான் எண்டார். அவருக்கு முதல் நாள் இரவே தெரிஞ்சிருக்கு. நானா வெளியில போனார். நான் கையெழுத்து வெச்சன்.

அந்த நேரம் பாத்து அம்புலன்ஸும் வந்து நிண்டது. ஸ்கேனுக்குக் கொண்டுபோக வந்த அதே அம்புலன்ஸிலதான் துறைமுகத்துக்குப் போனம். அது காலையில சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா நாங்க அந்நேரம் எத்தனையோ ஊர் தாண்டியிருப்பம். நான் வாய்க்கு வந்தபடி ஏசின அந்தப் பிள்ளைத்தாச்சிக்காக இப்பவும் அல்லாஹ்ட்ட துஆக் கேக்கிறன்.

முகாம் வாசலைக் கண்டதும் நான் இவர்ட கையை இறுக்கிப் பிடிச்சன். சண்டைக் காலத்தைக் கண்ட எங்கட வயசு ஆக்களுக்கு அந்த வாசல் எப்பிடிப்பட்ட வாசல் எண்டு நான் விளக்கத் தேவையில்ல. ஆனா டொக்டர் முன்கூட்டியே போனில கதைச்சு வெச்சிருந்தபடியால கதவு திறந்தபடி கிடந்தது. சீருடை போட்ட பொடியன்கள் ட்ரொலியை ஓட்டமா இழுத்துக்கொண்டு போனாங்க. அந்த அறை தண்ணி ஏத்துற பவுசர்த் தாங்கி ஒண்டைக் கழட்டி நிலத்தில வெச்ச மாதிரி இருந்தது. பக்கத்தில ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அதால பாத்தா இவர்ட முகம் மட்டும்தான் தெரியும். இரும்புக் கதவைப் பூட்டின சத்தம் கேட்டதும் கபுறுக் குழிக்குள்ள வெச்சுப்போட்டாங்க எண்டுதான் எனக்குப் பட்டது. நிலத்தில குந்தி இருந்து ஓதிக்கொண்டே இருந்தன். டொக்டர் சொன்னது பிழையெண்டா இவரை நானே கொண்டுவந்து குடுத்தது எண்டு ஒரு நினைவு வந்து வந்து குத்தினது.

பொழுது சாயிற நேரம் பெரிய டொக்டர் வந்தார். வர வேணுமெண்டு அவருக்கு ஒரு கட்டாயமும் இல்ல. கண்ணாடியால பாத்து, உள்ளுக்கு இவரோட துணைக்கு இருந்த முகாம் ஆளிட்டச் சொல்லி, இவர்ட கால் விரலை ஆட்டிப் பாக்கச் சொன்னார். வலது காலில பெருவிரல் கொஞ்சம் அசைஞ்சதாம். டொக்டர் திரும்பி அதை என்னட்டச் சொன்னார். நான் அந்தச் சுவரில தலையை வெச்சு அழுதன். பிழையில்ல, குமிழிதான்.

இதோட முடிஞ்சிருந்தா இதை நான் சந்தோஷமாச் சொல்லியிருப்பன். முடியல்ல. நாள் கணக்கில அந்த அறைக்குள்ள விட்டு விட்டு எடுத்தாங்க. வலது கால் மெல்ல மெல்ல வந்தது. இடது கால் வரல்ல. சலமும் தானாப் போகல்ல. மாசக்கணக்கில ஆஸ்பத்திரியிலயே கிடந்தம். தடி ஊண்டி எழும்பி நிக்கிற அளவுக்கு வந்ததும், இதுக்கு மேல நாங்க செய்ய ஒண்டுமில்ல, வீட்ட கூட்டிக்கொண்டு போங்கோ எண்டாங்க. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில நிண்ட மனிசன், கக்கூசுக்குப் போக என்ட தோளைப் பிடிக்க வேண்டிப் போச்சு. அந்த வெக்கத்தில இவர் என்னோடயே கதைக்காம இருந்த நாள் எத்தனையோ.

ஆஸ்பத்திரியில இருந்து விட்டு, துண்டு வெட்டி வீட்ட போற அண்டைக்கு, நான் பெரிய டொக்டரைத் தேடிப் போனன். என்ட மனசில அவ்வளவு நாளும் கிடந்து அரிச்ச கேள்வி ஒண்டு இருந்தது. அதைக் கேக்காம எனக்கு வீட்ட போக ஏலாது. அவர்ட அறையில அந்த லேடி டொக்டரும் நிண்டவ. நான் நேராக் கேட்டன்.

"விடிய வந்த உடனேயே இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தீங்கெண்டா, இவர்ட மற்றக் காலும் வந்திருக்குமா?"

அந்த லேடி டொக்டர் குனிஞ்சுகொண்டா. பெரிய டொக்டர் எதை வேணுமெண்டாலும் சொல்லியிருக்கலாம். அல்லாஹ்ட நாட்டம் எண்டு எங்கட வாயாலயே சொல்ல வெச்சிருக்கலாம். உங்கட மனிசன் மறைச்சதுக்கு நான் என்ன செய்ய எண்டு கேட்டிருந்தா எனக்குத் திருப்பிச் சொல்ல ஒரு சொல்லும் இருந்திராது. அவர் என்ட முகத்தை நேராப் பாத்துச் சொன்னார்.

"அநேகமா ஓம். விழுந்தவர், கால் ஏலாது எண்டு போனில சொன்ன உடன என்ட மூளை அந்த விழுந்த இடத்திலயே நிண்டிட்டுது. இறக்கக்கண்டி ஆள் எண்டு சொன்னவை. தொழில் என்னெண்டு ஒரு கேள்வி நான் கேட்டிருக்க வேணும். கேக்கேல்ல."

நான் துண்டை எடுத்துக்கொண்டு வந்திட்டன். வேனில வரும்போது நானாவிட்டச் சொன்னன். அவர் கொதிச்சுப்போனார். ஆள் தன்ட வாயாலயே ஒத்துக்கொண்டிட்டான், மேலிடத்துக்குப் பெட்டிசன் எழுதுவம், விடக் கூடாது எண்டார். நானும் எழுதத்தான் நினைச்சன். கன நாளா அதே நினைவுதான். ராத்திரியில இவர்ட இடது காலைத் தூக்கிக் கட்டிலில வைக்கிற நேரமெல்லாம் அந்த டொக்டரை மனசுக்குள்ள நிப்பாட்டி வெச்சுக் கிழிப்பன்.

கடைசியில எழுதல்ல. என்ட பெருந்தன்மை எண்டு நினைக்க வேணாம், எனக்கு அது கிடையாது. யோசிக்க யோசிக்க ஒரு விஷயம்தான் என்னைத் தடுத்தது. அண்டைக்கு அந்த மனிசன் தான் போனில சொன்ன சொல்லிலயே நிண்டிருந்தா என்ன நடந்திருக்கும்? இவரை ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருப்பாங்க. ரெண்டு காலும் போயிருக்கும். கிணத்தடியில விழுந்தவன், அவன்ட விதி எண்டு ஊர் சொல்லியிருக்கும். முதல் ஆளா நான்தான் சொல்லியிருப்பன், கண்ணால கண்டவ ஆச்சே. டொக்டர்ட பிழை ஒருத்தருக்கும், ஏன் அவருக்கே கூட, தெரியவந்திராது. அவர் தன்ட முடிவைத் தானே குழப்பினபடியாலதான் அது பிழையெண்டு எங்களுக்குத் தெரிஞ்சது. இப்பிடி எத்தனை பேர்ட கால், எத்தனை பேர்ட உயிர், ஒரு பிழையுமில்லாத மாதிரிப் போயிருக்கும் எண்டு நினைச்சா எனக்குப் பயமா இருக்கு.

இவர் இப்ப வீட்டு முன்பக்கம் ஒரு சின்னக் கடை போட்டு இருக்கிறார். கடல் பக்கம் போறதில்ல. போட்டுக்காரங்க ஆராவது வந்தா நல்லாத்தான் கதைப்பார், ஆனா அவங்க போன பிறகு அண்டைக்கு முழுக்க ஆரோடயும் கதைக்கமாட்டார். அவர்ட கூட்டாளிகள் இப்பவும் ஆழத்துக்கு இறங்குறாங்க, நோ வந்தா திரும்பவும் இறங்குறாங்க. இவர் சொல்லிப் பாத்தார், நான் வாய் கிழியக் கத்திப் பாத்தன். ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுப் போறாங்க.

தடியை ஊண்டி, இடது காலை இழுத்து இழுத்து இவர் நடக்கிற சத்தம் கேக்கிற நேரமெல்லாம் அந்த டொக்டர்மேல எனக்கு இப்பவும் கோவம் வரும். ஆனா என்ட மகளுக்கு ஒருநாள் காய்ச்சலில மேல் சுட்டாலும் நான் தூக்கிக்கொண்டு ஓடுறது அந்த மனிசனிட்டத்தான்.